ஏகாம்பரம் அண்ணன் மாட்டச் சொன்ன மீட்டர்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. கார் ஸ்டாண்டு குழுவில், கைகூப்பும் படங்களுக்கும் ரோஜாப் பூக்களுக்கும் நடுவே ஏகாம்பரம் அண்ணனின் முகம். 'நமது ஸ்டாண்டின் மூத்த ஓட்டுநர், அனைவரின் அன்புக்கும் பாத்திரமானவர், இயற்கை எய்தினார்.' கள்ளக்குறிச்சியில் அந்த ஸ்டாண்டுக்கு நேர் எதிரே வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் கடை என்னுடையது. ஒரு சுமை வண்டியின் பின்விளக்கைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். அனைவரின் அன்புக்கும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தப் படமே ஏதோ ஒரு ஆயுத பூஜையன்று எடுத்த குழுப் படத்திலிருந்து வெட்டியது. அவர் தோளில் வேறு யாருடைய கையோ பாதி தெரிகிறது. மத்தியானத்துக்குள் ஸ்டாண்டு வாசலில் ஃபிளெக்ஸும் கட்டிவிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து, கீழே நிர்வாகிகளின் முகங்கள் வரிசையாக. அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்காகவும், அவருடைய வெள்ளை அம்பாசிடரில் கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு இனிப்பாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். ஏகாம்பரம் அண்ணன் தங்கமான மனுஷர் என்று நான் எழுதினால் அவரே எழுந்து வந்து, "இன்னாடா, யார்கிட்ட வாங்கித் தின்னே?" என்று கேட்பார். முசுடு. பக்கத்து வண்டிக்காரர் ஜாக்கி கேட்டால் தர மாட்டார். தானே ஜாக்கியோடு போய் உட்கார்ந்து டயரை மாற்றிக் கொடுப்பார், மாற்றி முடிக்கும் வரை அந்த ஆளின் ஓட்டும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார். டீ வாங்கித் தந்தால் குடிக்க மாட்டார், வாங்கியும் தர மாட்டார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என் கடைக்கு அவர் வண்டி வேலையாக வராத வாரம் கிடையாது, குறை சொல்லாமல் போன நாளும் கிடையாது.

ஆனால் அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு, மலைப் பாதையில் திரும்பியதும் மற்றவர்கள் வண்டியை அடித்து ஏற்றுவார்கள். இவர் வண்டியில் கியர் மாறுவதே தெரியாது. பின்சீட்டில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் வெள்ளிமலையில்தான் கண் விழிப்பார்கள். "வண்டிய ஓட்டக் கூடாதுடா, கூட்டிக்கினு போவணும்" என்பார். மலையில் வேலை பார்க்கும் டீச்சர்களும் நர்சுகளும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் மலைக்காரர்களும், முன்னால் நிற்கிற ஜீப்பை விட்டுவிட்டு இவருக்காகக் காத்திருப்பார்கள். ஸ்டாண்டில் பலருக்கு அவர் மேல் இருந்த வயிற்றெரிச்சலுக்கு இதுதான் காரணம். அன்பாம், அன்பு.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு காலை, துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தார். பிரித்தால் ஒரு ஆர்.பி.எம். மீட்டர். சேலத்தில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில், நசுங்கிக் கிடந்த ஒரு பெட்ரோல் காரிலிருந்து கழற்றி வாங்கி வந்தாராம்.

"இத்த நம்ம வண்டியில மாட்டிக் குடு."

"இன்னாண்ணே, ரேசுக்கு எங்கனா பேர் குடுத்திருக்கீங்களா?"

"மாட்டுன்னா மாட்டு."

என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் அது. புது வண்டிகளில் கூடவே வரும். அவருடைய பழைய டீசல் அம்பாசிடரில் கிடையாது. தேவையும் கிடையாது, ஏனென்றால் மலையில் எல்லாரும் காதால்தான் கியர் மாற்றுகிறார்கள். என்ஜின் முனகினால் இறக்கு, கத்தினால் ஏற்று, அவ்வளவுதான் பாடம். இதையெல்லாம் அவருக்கே நான் எடுத்துச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேசி முடிச்சிட்டியா? வேலைய ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். கரண்ட் கொடுத்ததும் மீட்டருக்குள் விளக்கு எரிந்தது. முள் மட்டும் அசையவில்லை. பெட்ரோல் வண்டியில் பிளக்குக்குத் தீப்பொறி தருவதற்கு ஒரு காயில் உண்டு. அது துடிக்கிற துடிப்பை எண்ணித்தான் இந்த மீட்டர் முள்ளை நகர்த்தும். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம், அதனால் காயிலும் இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் முள் படுத்துக் கிடந்தது. இது பெட்ரோல் வண்டிச் சாமான், உங்கள் வண்டிக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"காயில் இல்லன்னா வேற எதையாச்சும் எண்ணச் சொல்லு" என்றார்.

எண்ண இன்னொன்று இருக்கத்தான் செய்தது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். என்ஜின் சுற்றும்போது ஃபேன் பெல்ட் அதையும் சேர்த்துச் சுற்றுகிறது. அதைக் கழற்றிப் பிரித்து, உள்ளே இருக்கும் சுருளின் முனையில் ஒரு ஒயரைப் பற்றவைத்து வெளியே இழுத்து மீட்டருக்குக் கொடுத்தேன். முள் எழுந்தது. எழுந்த வேகத்தில், வண்டி சும்மா நிற்கும்போதே கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. காயிலைவிட ஆல்டர்னேட்டருக்குத் துடிப்பு ரொம்ப ஜாஸ்தி. நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு கட்டி, பல துடிப்புக்கு ஒன்றை மட்டும் மீட்டருக்கு விடும்படி செய்தேன். அதற்குள் அவர் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். கடைசியில் முள் என்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கியது, ஆனால் எண் சரியாக வரவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் காட்டியது. இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன்.

"நம்பரு எனுக்கு எதுக்குடா? நான் இன்னா பரிச்சையா எழுதப் போறேன்? முள்ளு எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

அடுத்த நாள் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு காலி வண்டியோடு மலைக்குப் போனார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். "சத்தத்தைக் கேட்டுக்கினே வா. எப்ப கியர் மாத்தணும்னு தோணுதோ, அப்ப கையத் தூக்கு" என்றார். வாயால் சொல்கிறேனே என்றேன். கையைத்தான் தூக்க வேண்டும் என்று அதட்டினார். நான் கையைத் தூக்கியபோதெல்லாம் முள் நின்ற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஓரம் கட்டி, மீட்டர் கண்ணாடி மேல் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று, ஆள் நிறைய இருந்தால் வேறொன்று. பாதையெல்லாம் இதே கூத்து. வயசாகிப் புத்தி தடுமாறுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன். இறங்கி வந்து கடை வாசலில் விடும்போது, "உன் காது நல்ல காதுடா" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஸ்டாண்டில் இந்த விஷயம் பரவியது. எங்கள் பக்கத்தில் மீட்டர் என்றால் முதலில் ஆட்டோ மீட்டர்தான். "ஏகாம்பரம் மீட்டர் போட்டுக்கினாராம், இனிமே மெட்ராஸ் ரேட்டுதான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அது வேறு மீட்டர் என்று தெரிந்த பிறகு ரேஸ் ஏகாம்பரம் என்று பேர் வைத்தார்கள். அவர் வண்டி கிளம்பும்போது ஒருவர் பச்சைத் துண்டை எடுத்துக் கொடி ஆட்டுவார். இவர் ஒருவரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. மலை ஏறும்போது வண்டியில் எந்தக் குலுக்கலும் இல்லை, முன்பு இருந்தது போலவே இருந்தது. கூட்டமும் குறையவில்லை.

வேறு சில மாற்றங்களும் இருந்தன. அவற்றை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். மலை வளைவுகளில் ஹாரன் அடித்துவிட்டு, எதிரே பதில் ஹாரன் வருகிறதா என்று கேட்டுத்தான் மற்றவர்கள் திரும்புவார்கள். அவர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுவார். முன்சீட்டில் உட்காருகிறவரிடம், "பேச்சுல கவனம் செதறிப் போவுது, எதுத்தாப்புல ஹாரன் கேட்டா தொடையில தட்டுங்க" என்று சொல்லிவைப்பாராம். கடையில் என்னோடு பேசும்போது எனக்கு எதிரே வந்து நின்றுதான் பேசுவார். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால், "வெளிய வந்து பேசு, மரியாத தெரியாதவனே" என்று காலைப் பிடித்து இழுப்பார். இதையெல்லாம் நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அவர் திமிர் பிடித்தவர்தான் என்பதால் வேறு எதுவும் தோன்றவில்லை.

பிறகு ஒரு ஐப்பசி மழை. அன்று வண்டியில் இருந்த ஒரு நர்ஸ் அம்மா பின்னால் என் கடைக்கே வந்து சொன்னார்கள். பாதி மலையில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது பானெட்டுக்கு அடியில் அடித்து ஃபேன் பெல்ட் நனைந்திருக்கிறது. நனைந்த பெல்ட் வழுக்கும். வழுக்கினால் ஆல்டர்னேட்டர் வேகம் குறையும், அதை எண்ணுகிற மீட்டரில் முள் இறங்கும். என்ஜின் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, முள்தான் பொய் சொன்னது. அண்ணன் முள்ளை நம்பிக் கியரை இறக்கி ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். முள் இன்னும் இறங்கியது. இன்னும் மிதித்திருக்கிறார்.

"பெல்ட்டு வீல்னு கத்துதுங்க. நாங்க எல்லாரும் காதப் பொத்திக்கினு உக்காந்திருந்தோம். இவுரு பாட்டுக்கு மிதிச்சிக்கினே போறாரு. அண்ணே, அண்ணேன்னு கூப்புட்டோம். திரும்பவே இல்ல. பொகை வந்த பொறவு நான்தான் தோள்ல ஓங்கி அடிச்சேன். நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாரு பாருங்க, அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியலீங்க."

அப்படித்தான் தெரிந்தது. ஒரு காது முழுசாகவும் மற்றது முக்கால்வாசியும் போய்விட்டிருந்தது. அந்த பெல்ட்தான் ரேடியேட்டர் தண்ணீரையும் சுற்றிவிடுகிறது என்பதால் என்ஜின் கொதித்து நின்றதோடு போயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்று இரண்டு ஜீப்புகள் போய் ஆட்களை ஏற்றி வந்தன.

அடுத்த நாள் காலை ஸ்டாண்டில் நடந்ததை நான் கடை வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஏகாம்பரம் அண்ணன் வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வந்து நின்றார்கள். ஒருவர், "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டார். பிறகு, "யோவ் செவுடு." பிறகு இன்னொருவர் அவருடைய தாயாரைச் சேர்த்து ஒன்று சொன்னார். திரும்பவில்லை என்றதும் சிரிப்பு. அடுத்தவர் அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னார். நான் ரோட்டைத் தாண்டிப் போய்ச் சண்டை பிடித்தேன். "உனுக்கு இன்னா வந்துச்சு? கேக்குதா இல்லியான்னு டெஸ்ட்டு பண்ணோம்" என்றார்கள். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். நல்ல வெயில். பின்னால் நின்ற அத்தனை பேருடைய வாயும் அதில் தெரிந்தது. அவர் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என்று ஒருவர் இருக்கிறாரே, ஃபிளெக்ஸில் நடுவில் இருப்பவர், அவர் என்னிடம் சொன்னார்: "பத்து உசுர ஏத்திக்கினு போறான். பள்ளத்துல வுட்டான்னா யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. அதை நான் மறுக்கவில்லை, இன்றும் மறுக்க மாட்டேன். அந்த நியாயத்தை அவருக்கு எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, ஒரு ஆளாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அதற்கு ஒருவருக்கும் துப்பில்லை. எங்கள் ஸ்டாண்டில் வண்டிகள் டேர்ன் போட்டு, முறை வைத்துத்தான் போகும். அவருடைய டேர்ன் வரவே இல்லை. காலையில் வந்து வரிசையில் நிற்பார். முன்னால் இருக்கிற வண்டி போகும், பின்னால் இருக்கிற வண்டியும் போகும். எப்போது என் டேர்ன் என்று கேட்டால் கையை விரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் பேசுவார்கள். திரும்பிக்கொண்டால் அவருக்குப் புரியாது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு தியாகதுருகத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனவர் பிறகு வரவில்லை.

போன வாரம் அந்த வீட்டு வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லையாம். ஸ்டாண்டிலிருந்து ஆளுயர மாலையோடு வந்தார்கள். தலைவர் அவர் தலைமாட்டில் குனிந்து, "அண்ணே, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியேண்ணே" என்று ஊருக்கே கேட்கும்படி அழுதார். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மல்லிகா அண்ணி தலையைத் தூக்கினார்கள். சத்தமே போடவில்லை. "பின்னால நின்னுதான கூப்புடுவீங்க. இப்ப எதுக்கு முன்னால வந்து கூப்புட்றீங்க?" என்றார்கள். மாலையைப் போட்டுவிட்டு அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

அவரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில். வருகிற கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் வேலையில் இருந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு விசில். காது கேட்காத மனுஷனுக்கு விசிலைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "இன்னாடா, கட இருக்குதா, மூடிட்டியா?" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபம். சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே நின்று கேட்டேன். எதிரே நின்று, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"ஏண்ணே என்கிட்டகூடச் சொல்லல? சொல்லியிருந்தா பெல்ட்டப் பத்திச் சொல்லியிருப்பேனே. மழையில வழுக்கும், முள்ள நம்பாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே. என் காத வச்சு அளந்துக்கினீங்க, எதுக்குன்னு சொன்னீங்களா?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுசும் புரிந்துகொண்டார் என்பது கண்ணில் தெரிந்தது.

"சொல்லியிருந்தா மாட்டிக் குடுத்திருப்பியா?" என்றார்.

"மாட்டியிருப்பேங்க" என்றேன்.

அதற்குள் ஒரு கார் வந்தது. விசிலை ஊதி, கையைக் காட்டி, சுவரில் இடிக்காமல் பின்னால் வரச் சொல்லி, அதை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் எனக்கு எதிரே, அதே இடத்தில் நின்றார்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

சரியாகப் புரியாமல் கேட்டாரா, நன்றாகப் புரிந்துதான் கேட்டாரா, தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காது கேட்காத டிரைவருக்கு மீட்டர் மாட்டிக் கொடுக்க நான் சம்மதித்திருப்பேனா? மாட்டியிருக்க மாட்டேன். ஸ்டாண்டுக்காரர்கள் பின்னால் நின்று சொன்னதை நான் எதிரே நின்று மரியாதையாகச் சொல்லி, மீட்டரைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பதில் வரும் என்று கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போ, போய் சாப்புடு, பந்தி முடிஞ்சிறப் போவுது" என்றார். நான் போய்ச் சாப்பிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் வாயைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான்.